ஒட்டுன இடம் தெரியாது

கேட்டைக் கொக்கி போட்டுட்டு வாங்கம்மா, இல்லேன்னா எதிர்வீட்டு ஆடு உள்ள பூந்துடும். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்குக் கால் ஆட்டம். இதுல உக்காருங்க. கோமதி, ரெண்டு டம்ளர் மோர் கொண்டா! என் சம்சாரம். காது நல்லாக் கேக்கும், ஆனா கேக்காத மாதிரி இருப்பா.

போன்ல பேரைச் சொன்னப்பவே எனக்குப் பிடிபட்டுடுச்சு. தனபாக்கியத்தோட மகளா நீங்க? அன்னிக்கு அவங்க இடுப்புல இருந்த கைப்புள்ளை நீங்கதான். இப்ப உங்களுக்கே நரைச்சுப்போச்சு. பாங்க்ல வேலையா? நல்லது நல்லது. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். உங்கம்மா சினிமாவுல ஒரே ஒரு பாட்டுல ஒரு சரணம் பாடினாங்க. ரேடியோ ஸ்டேஷன்ல அந்தச் சரணத்தை வெட்டிட்டாங்க. அது எங்கயாவது கெடக்குமான்னு தேடுறீங்க. அப்பா படுத்த படுக்கையா இருக்காரு, இன்னமும் அவ பொய்க்காரின்னே சொல்லிக்கிட்டிருக்காரு, அவரு காதுல ஒரு தடவை போட்டுக் காட்டணும். அதானே? நீங்களும் அம்மா குரலைக் கேட்டதே இல்லேன்னு சொன்னீங்க.

ஸ்டேஷன்ல போய்க் கேட்டிருப்பீங்க. ரெக்கார்டெல்லாம் ஏலத்துல போயிடுச்சு, வேதாசலம்னு ஒரு கிழம் இன்னும் உசுரோட இருக்கு, அதைப் போய்க் கேளுங்கன்னு அனுப்பியிருப்பானுங்க. தெரியும்மா அவனுங்களை. பொன்விழா மலர் ஒண்ணு போட்டானுங்க. அதுல மிருதங்கம் வாசிச்சவன் படம் இருக்கு, கேன்டீன்ல வடை போட்டவன் படம்கூட இருக்கு. வேதாசலம் படம் இல்லை. எட்டு ஜில்லா ஜனங்க காதுல அசிங்கம் விழாமப் பாத்துக்கிட்டவன் நான். வடைக்கு இருக்குற மரியாதை எனக்கில்லை.

சரி, சொல்றேன். முழுசாவே சொல்றேன். நடுவுல மட்டும் பேசாதீங்க.

முதல்ல ஒண்ணு. வெட்டிட்டாங்க, வெட்டிட்டாங்கன்னு பொத்தாம்பொதுவாச் சொல்றீங்க. அது சரியில்லை. நான்தான் வெட்டினேன். கமிட்டின்னு ஒண்ணு இருந்தது வாஸ்தவம். ஒரு காலேஜ் புரொபசர் வருவாரு, ஒரு சமூக சேவகி அம்மா வருவாங்க. அவரு பிஸ்கட்டைப் பாப்பாரு, அந்தம்மா கடிகாரத்தைப் பாப்பாங்க. புதுப் பாட்டைப் போட்டதும் ரெண்டு பேரும் என் மூஞ்சியைத்தான் பாப்பாங்க. நான் கையைத் தூக்கினா வெட்டு. அவ்வளவுதான் கமிட்டி.

பாட்டு முழுக்க மோசம்னா ரெக்கார்டு மேல சிவப்பு மையில எழுதி மூலையில வச்சுடுவோம். நடுவுல மட்டும் மோசம்னா, அதை டேப்புல ஏத்தி, அந்த இடத்தை மட்டும் பிளேடால சாய்ச்சு நறுக்கி எடுத்துட்டு, முன்னையும் பின்னையும் சேத்து ஒட்டணும். ஒட்டுனது வெளிய தெரியக்கூடாது. தாளம் இடறக்கூடாது, வயலின் பாதியில அறுபடக்கூடாது. அதுல நான் மன்னன். அப்புறம் ரெக்கார்டுல அந்த இடத்துல காம்பஸ் முள்ளால குறுக்க ஒரு கீறல். புதுசா வந்த அறிவிப்பாளன் எவனாவது தெரியாம ரெக்கார்டைத் தூக்கிப் போட்டுட்டா? முள்ளு தாவிடணும்ல.

என்னென்ன வெட்டியிருக்கேன் தெரியுமா? கட்டில்னு வந்தா வெட்டு. ஒரு படத்துல கதாநாயகன் தச்சன். கட்டில் செஞ்சு சந்தையில விக்கிறவன். அவன் பாட்டுல கட்டில் வராம வேற எது வரும்? எடுத்துட்டேன். பாட்டு முடியுறப்ப அவன் என்னத்தை விக்கிறான்னே யாருக்கும் புரியாது. புரியாட்டிப் போகட்டும், கெட்டுப் போகலையே! முத்தம்னா வெட்டு. குழந்தைக்குக் குடுக்குற முத்தம்தானே சார்னு கேப்பானுங்க. குழந்தைக்குன்னு உனக்குத் தெரியும், ரேடியோவை அப்பத்தான் திருகுறவனுக்குத் தெரியுமா? வெட்டு. ஆனா நான் ஒண்ணும் ரசனை கெட்டவன் இல்லை. செந்தமிழ்ல இருந்தா விட்டுடுவேன். செந்தமிழ்ல ஆபாசம் கிடையாது. அவ இதழைப் பிழிஞ்சு தேன் குடிச்சேன்னு ஒருத்தன் எழுதியிருந்தான், அருமையான வெண்பா நடை, புரொபசர் கண்ணை மூடிக்கிட்டுத் தலையாட்டினாரு. அது தினம் காலையில போச்சு. கொச்சைத் தமிழ்னாத்தான் ரெண்டு தடவை கேப்பேன்.

இப்ப உங்கம்மா பாட்டு. அது நடவுப் பாட்டு. "சேத்து வயலுல காலு வெச்சா செந்நெல்லு சிரிக்குதடி"ன்னு எடுப்பு. பெரிய பாடகி ஒருத்தங்க பாடினது, பேர் வேணாம். பொம்பளைங்க வரிசையா நாத்து நடுறாங்க. முதல் சரணம் மழையைப் பத்தி. ரெண்டாவது சரணத்துல திடீர்னு வேற குரல். உங்கம்மா. நடவுக்கு வந்த ஒருத்தி, கைப்புள்ளையைக் கரையில மரத்தடியில போட்டுட்டு வந்திருக்கா. சூரியன் உச்சிக்கு வந்தாச்சு, இன்னும் கரையேற விடலை. அவ பாடுறா. "பால் கட்டி"ன்னு ஆரம்பிக்குது. அப்புறம் அந்த வார்த்தை. "கனக்குதடி"ன்னு முடியுது. அடுத்த வரி, "பச்சமண்ணு அங்க தவிக்குதடி."

எந்த வார்த்தையா? அதான்மா. நெஞ்சுப் பக்கம். உங்களுக்குத் தெரியாததா?

என்னடி அங்க முனகுற? பாருங்க இவளை. மாருன்னு சொன்னா வாய் வெந்துடுமான்னு கேக்குறா. வயசாக ஆக நாக்குக்குப் பூட்டே இல்லாமப் போச்சு. மோரை வச்சுட்டு உள்ள போ.

நான் கையைத் தூக்கினேன். சமூக சேவகி அம்மா மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாங்க, அப்புறம் கடிகாரத்தைப் பாத்துட்டு மூடிக்கிட்டாங்க. இன்னாசிமுத்துன்னு ஒருத்தன், டேப் ரூம்ல எனக்கு உதவி. சாயங்காலமானா தண்ணி போடுவான், மத்தபடி தங்கமான கை. அவன் சொன்னான், சார், இது தாய்ப்பால் சார், கோயில் சிலையிலகூட இருக்கு சார்னான். கோயிலுக்கு ஆறு வயசுப் புள்ளையைக் கூட்டிட்டுப் போனா அந்தப் பக்கம் பாக்காதடான்னு திருப்பிடலாம், ரேடியோவை எப்படிடா திருப்புறதுன்னேன். அவனுக்கு என்னை எதிர்த்துப் பேசுற வழக்கம் கிடையாது. ஆனா அன்னிக்கு பிளேடைக் கீழ வச்சுட்டு வெளிய பீடி குடிக்கப் போயிட்டான். நானே நறுக்கினேன். சரணம் முழுசையும் எடுத்தேன், ஒரு வார்த்தையை மட்டும் எடுத்தா நொண்டுமே. முதல் சரணம் முடியுற குலவைச் சத்தத்தையும் கடைசிப் பல்லவிக்கு முன்னாடி வர்ற குலவைச் சத்தத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வச்சேன். அடடா! என் வேலையிலேயே அதுதான் முதல் தரம். ரெண்டு குலவையும் ஒரே மூச்சுல விட்ட மாதிரி இருந்தது.

பாட்டு பிரமாதமா ஓடுச்சு. நேயர் விருப்பத்துல தினம் கேட்டானுங்க. படம் வெளிய வரவே இல்லை, பைனான்ஸ்காரன் பெட்டியை முடக்கிட்டான். கடைக்கும் ரெக்கார்டு வரலை. மாதிரிக்குன்னு ஒரே ஒரு ரெக்கார்டு அடிச்சு எங்களுக்கு அனுப்பினானுங்க, அவ்வளவுதான். அதனால உலகத்துல அந்தப் பாட்டு இருந்தது எங்க ஸ்டேஷன்ல மட்டும்தான். அதுவும் நான் எப்படி வச்சேனோ அப்படித்தான்.

உங்க பக்கத்துக் கதையை நீங்களே போன்ல சொன்னீங்க. உங்கம்மா மூணு நாள் மெட்ராஸ் போயிருந்தாங்க, கைப்புள்ளையை விட்டுட்டு. கோரஸ் பாட ஆள் சேக்குற ஏஜெண்ட் ஒருத்தன் கூட்டிட்டுப் போனான். ரேடியோவுல வரும்னு சொன்னதாலதான் உங்கப்பா அனுப்பினாரு. திரும்பி வந்து தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க, ரெண்டாவது சரணம் என் குரல், கேளுங்கன்னு. பஞ்சாயத்து ரேடியோ முன்னாடி தெருவே உக்காந்திருக்கு. மில்லுல இருந்து உங்கப்பா சீக்கிரமா வந்து, தலையைச் சீவி, சட்டையை மாத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. பாட்டு வருது. முதல் சரணம் முடிஞ்சுது. குலவை. எல்லாரும் உங்கம்மாவைப் பாக்குறாங்க. பாட்டு முடிஞ்சுபோச்சு.

சிரிச்சிருப்பாங்கதான். ஊருன்னா சிரிக்கத்தான் செய்யும். அதுக்கு நான் என்ன பண்றது? எனக்குத் தனபாக்கியம்னு ஒருத்தி இருக்குறதே தெரியாது. ரெக்கார்டு லேபிள்ல பெரிய பாடகி பேரோட "குழுவினர்"னு போட்டிருந்தது. அவங்க குழுவினர். பாட்டுல நீ இல்லேன்னா அந்த மூணு நாள் எங்கடி இருந்தேன்னு ஒரு புருஷன் கேக்குறது நியாயம்தானேம்மா? உங்கப்பாவை நான் தப்பே சொல்ல மாட்டேன். மில்லுல ஃபிட்டர், கௌரவமான மனுஷன்.

ஒரு நாள் மத்தியானம் வாட்ச்மேன் வந்து, சார், ஒரு பொம்பளை புள்ளையோட வந்து உங்களைப் பாக்கணும்னு நிக்குதுன்னான். உள்ள விட்டேன். சின்ன வயசு, கன்னத்துல ஒரு பக்கம் வீங்கியிருந்தது. புள்ளை வீர் வீர்னு கத்துது, நீங்கதான். நின்னுக்கிட்டே சொல்றாங்க, ஐயா, என் வீட்டுக்காரரு கேட்டுக்கு வெளிய நிக்கிறாரு. என்னைக் கொண்டாந்து விட்டுட்டு, உன் சரணம் நெசம்னா போட்டுக் காட்டச் சொல்லு, நான் கேட்டுட்டு உன்னைக் கூட்டிட்டுப் போறேன், இல்லேன்னா அப்படியே போயிடுங்கிறாரு. ஒரே ஒரு தடவை ஐயா. அவரு காதுல விழுந்தாப் போதும். ரேடியோவுல வேணாம். இங்கேயே போடுங்க ஐயா. இதுதான் கேட்டாங்க.

நான் சட்டம் தெரிஞ்சவன். வெளியாளை ஒலிப்பதிவு அறைக்குள்ள விட அனுமதி கிடையாது. சொன்னேன். காலைத் தொட வந்தாங்க, நாற்காலியைப் பின்னாடி இழுத்துக்கிட்டேன். உன்கூடப் பாடினவங்களைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வான்னேன். மெட்ராஸ்ல யாரோ என்னமோ ஐயா, பேருகூடத் தெரியாதுன்னு அழுகை. மடியில கனமில்லேன்னா வழியில பயமெதுக்கும்மான்னு சமாதானமாத்தான் சொன்னேன். புள்ளை வேற நிறுத்தவே இல்லை. புள்ளை அழ அழ அவங்க ரவிக்கை முன்னாடி நனைஞ்சுக்கிட்டே வருது. நாலு ஆம்பளைங்க வேலை பாக்குற ஆபீஸ்! முந்தானையை இழுத்து மூடுறாங்க, அதுவும் நனையுது. எனக்குக் கூச்சமாப் போயிடுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நாம வெட்டுனது சரிதான்னு.

இன்னாசிமுத்து கதவுப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தான். சார், அந்தத் துண்டு ஆணியில தொங்குது சார், ரெண்டு நிமிஷத்துல ஒட்டிடுவேன், அந்த ஆளைக் கதவுக்கு வெளிய நிக்க வச்சுப் போட்டுடலாம் சார்னான். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கச் சொல்றியான்னு கேட்டேன். அப்புறம் அவனை ஒரு மாதிரிப் பாத்தேன். போயிட்டான்.

உங்களுக்கு என் மேல கோவம் வரலாம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த வரியை அவரு கேட்டா என்ன ஆகும்? தன் பொண்டாட்டி மைக்கு முன்னாடி நின்னு, ஊரான் எழுதிக் குடுத்ததை, தன் உடம்பைப் பத்தி, அந்த வார்த்தையை! ஒரு மானஸ்தன் தாங்குவானா? பாட்டுலயே இல்லேன்னு நெனைச்சா வெறும் பொய்க்காரின்னு போயிடும். பாடினான்னு தெரிஞ்சா? நான் உங்கம்மா மானத்தைக் காப்பாத்தினேன்மா. சத்தியமா அன்னிக்கு எனக்கு அதுதான் எண்ணம்.

அவங்களை உக்காருன்னுட்டு டீ குடிக்க வெளிய போனேன். கேட்டுகிட்ட உங்கப்பா சைக்கிளோட நின்னாரு. கும்பிட்டாரு. நல்ல பணிவு. ஐயா, சரணத்தை வெட்டிட்டாங்கன்னு சொல்றாளே, நீங்க அப்படியெல்லாம் வெட்டுவீங்களான்னு கேட்டாரு. நாங்க என்ன கசாப்புக் கடையா வச்சிருக்கோம், ரேடியோவுல வர்றதுதான் பாட்டுன்னேன். அலுவலக ரகசியத்தை வெளியில சொல்லக்கூடாது இல்லையா? அவரு தலையாட்டினாரு. அப்புறம் சொன்னாரு, நானும் தினம் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன் ஐயா, எங்கயும் எதுவும் விட்டுப்போன மாதிரியே தெரியலைன்னு.

என் சர்வீஸ்ல எனக்குக் கெடைச்ச ஒரே பாராட்டு அதுதான்மா. யாரும் சொன்னதில்லை. மேலதிகாரி சொன்னதில்லை, மலர்லயும் போடலை. ஒரு மில்லு ஃபிட்டர், மெஷின் சத்தத்துல நுணுக்கம் கண்டுபிடிக்கிறவரு, அவரு காதுக்கே ஒட்டுன இடம் தெரியலை. டீக்கடை வரைக்கும் அதையே நெனைச்சுக்கிட்டுப் போனேன். திரும்பி வந்தப்ப அவரு சைக்கிள் இல்லை. உங்கம்மா மட்டும் கேட்டுல நின்னு ரெண்டு பக்கமும் ரோட்டைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நீங்க தூங்கிட்டீங்க.

அந்த வாரமே அம்மா அரளி விதையை அரைச்சுக் குடிச்சுட்டாங்கன்னு போன்ல சொன்னீங்க. பாவம்தான். பொம்பளைக்குப் பொறுமை வேணும்மா. ஒரு வருஷம் போயிருந்தா எல்லாம் ஆறிப்போயிருக்கும். அதுக்கும் பாட்டுக்கும் முடிச்சுப் போடுறது எனக்குச் சரியாப் படலை. அன்னிக்குச் சாயங்காலமும் நேயர் விருப்பத்துல அந்தப் பாட்டு போச்சு. ஒருத்தர்கூடக் குறை சொல்லி எழுதலை.

அழாதீங்க. மோரைக் குடிங்க, பெருங்காயம் போட்டது. நீங்க கேட்டதுக்கு வர்றேன். அந்தத் துண்டு இருக்கான்னு கேட்டீங்க. இல்லை. அதெல்லாம் போச்சு. எவ்வளவு வருஷம்...

என்னடி? சும்மா இருக்க மாட்டியா நீ?

ஆமா. ஆமா, கொண்டாந்தேன். சரி, கொண்டாந்தேன்மா. இவ சொல்றது சரிதான். வெட்டுன துண்டையெல்லாம் இன்னாசிமுத்து தூக்கிப் போடாம ஒரு பிஸ்கட் டின்னுல சேத்து வச்சிருக்கான், களவாணிப் பய. ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல பேர் எழுதி ஒட்டியிருக்கான். ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப என்னைக் கூப்பிட்டனுப்பிக் குடுத்தான். சார், இது யாராவது ஒருத்தராவது தேடிக்கிட்டு வருவாங்க சார், நீங்க வச்சிருங்க சார்னான். கண்டவன் கையில கெடைச்சா நான் செஞ்ச வேலையெல்லாம் பாழாயிடுமேன்னு வாங்கி வந்தேன். அலமாரி மேல பத்திரமாத்தான் வச்சிருந்தேன். உங்கம்மா பேரையும் எழுதியிருந்தான். தனபாக்கியம், ரெண்டாம் சரணம்னு. நல்லா ஞாபகம் இருக்கு.

அப்புறம் பின்னாடி கொய்யா வச்சோம். பழம் எப்படித் தெரியுமா, உள்ள செக்கச்செவேல்னு! ஆனா கிளி விடமாட்டேங்குது. எவனோ சொன்னான், டேப்பை விறைப்பா இழுத்துக் கட்டினா காத்துல விர்ருனு அதிரும், கிளி அண்டாதுன்னு. டின்னோட எடுத்துட்டுப் போய், பேர் ஒட்டுன சீட்டையெல்லாம் கிழிச்சுட்டு, கிளைக்குக் கிளை கட்டினேன். மூணு மழைக்காலம் தாங்கியிருக்கு. வெயில்ல நிறம்தான் போச்சு. இவ அப்பவே வேணாம்னா. கிளி திங்கட்டுமேன்னா. பொம்பளைப் புத்தி.

எங்க எந்திரிச்சிட்டீங்க? பின்பக்கமா? போங்க, போய்ப் பாருங்க, நான் தடுக்கலை. கோமதி, நீ எதுக்கு அந்த ஸ்டூலைத் தூக்கிட்டுப் போற? அறுந்துடும்டி, இழுக்காத! எது உங்கம்மாவோடதுன்னு எனக்கே தெரியாதும்மா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அவுத்தாலும் மெஷின்ல ஒண்ணும் வராது, வெயில் தின்னுடுச்சு. கேக்கணும்னுதானே இவ்வளவு தூரம் வந்தீங்க? அப்படியே மரத்துக்கு அடியில நில்லுங்க. கொஞ்சம் காத்து வரட்டும்.